நூற்று முப்பத்தெட்டரை

என் வீட்டுக்காரிக்குக் கட்டட வேலை ஆட்கள் வைத்திருக்கும் பெயர் ‘ஒண்ணரை மேடம்’. உயரத்தைப் பார்த்து வைத்ததில்லை, ஆள் நல்ல உயரம்தான். எந்த மனையில் போய் இறங்கினாலும், கொடுத்த டீயைக் கூடக் குடிக்காமல் முதலில் கேட்பது, “பக்கத்துல ஒண்ணரை மீட்டர் இருக்கா?” என்பதுதான். அதனால் வந்த பெயர். எனக்கும் ஒன்று வைத்தார்கள், ‘ஒண்ணரையோட தண்ணி வண்டி’ என்று. அதைச் சொன்னவனுக்கு நான் இரண்டு நாள் தண்ணீர் இறக்கவில்லை. நான் கோபக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக எப்படியும் தெரியத்தான் போகிறது.

கட்டட வேலைக்குத் தண்ணீர் லாரி ஓட்டுகிறேன். அவள் சைட் இன்ஜினியர். நாங்கள் முதன்முதலில் பேசிக்கொண்டதே சண்டைதான். நான் கொண்டுபோன தண்ணீரை ஒரு டம்ளரில் பிடித்தாள், வாயில் வைத்தாள், என் கண்முன்னாலேயே துப்பினாள்.

“உப்பு. திருப்பி எடுத்துட்டுப் போங்க. கம்பி துருப்பிடிச்சுடும்.”

ஒரு லோடு தண்ணீரைத் திருப்பி அனுப்பின பொம்பளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. நாலு நாள் வைதுகொண்டே திரிந்தேன். ஐந்தாம் நாள், எங்கெங்கோ அலைந்து நல்ல தண்ணீராகப் பிடித்துக்கொண்டு போய் நின்றேன். குடித்துப் பார்த்துவிட்டு, “இது ஓகே” என்றாள். அந்த ‘ஓகே’யில் விழுந்தவன்தான், பதினேழு வருஷமாக எழுந்திருக்கவில்லை.

டிப்ளமோ முடித்ததும் பிளான் வரைந்து கொடுக்கிற ஆபீஸில் உட்கார்ந்திருந்தாள். ஒரே வருஷத்தில் நாற்காலி சலித்துவிட்டது. காகிதத்தில் போட்ட கோடு மண்ணில் எங்கே விழுகிறதென்று பார்க்காமல் எப்படி என்று சைட்டுக்கு வந்துவிட்டாள். வந்த புதிதில் மேஸ்திரிகள் அவள் சொன்னதற்கெல்லாம் தலையாட்டிவிட்டு, தங்கள் இஷ்டத்துக்குச் செய்தார்கள். அவள் வாய்ச்சண்டை போடவில்லை. கட்டடத்தின் மூலைகளைக் குறிக்க நூல் கட்டுகிற வேலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். நூல் அவள் கட்டியது என்றால் அதன்மேல்தானே அவர்கள் தூண் நிறுத்த வேண்டும்? ஆறு மாதத்தில் வழிக்கு வந்துவிட்டார்கள். லைசென்ஸ் பரீட்சை மட்டும் அவளுக்குத் தண்ணி காட்டியது. இரண்டு தடவை கோட்டைவிட்டு, போன வருஷம் மூன்றாவது தடவை பாஸ் பண்ணினாள். இனி அவள் கையெழுத்தில் ஒரு கட்டடம் எழும்பலாம்.

முதல் கையெழுத்துப் போட்ட கட்டடத்தைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

அதற்குமுன் இந்த செட்பேக் விவகாரம். மனை உன்னுடையது, பத்திரம் உன் பெயரில், எல்லாம் சரி. ஆனால் எல்லை வரைக்கும் சுவரை இழுத்துக்கொண்டு போக முடியாது. சுற்றிலும் இத்தனை இடம் சும்மா விட்டாக வேண்டும். கட்டடம் உயர உயர, விட வேண்டிய இடமும் கூடும். எங்கள் நகராட்சிக் கணக்கில், மூன்று மாடி என்றால் பக்கவாட்டில் ஒன்றரை மீட்டர். இரண்டு மாடியோடு நின்றால் ஒன்றேகால் போதும்.

முதலாளிக்கு இதைக் கேட்டாலே வயிற்றெரிச்சல். பெயிண்ட் கடை வைத்திருந்து, சின்னச் சின்னதாக வீடு கட்டி விற்க ஆரம்பித்தவர். அந்த மனையின் அகலமே ஒன்பது மீட்டர். இந்தப் பக்கம் ஒன்றரை, அந்தப் பக்கம் ஒன்றரை என்று மூன்று மீட்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு காற்றுக்குப் போய்விடுகிறது.

“ஏம்மா, நான் நிலம் வாங்கினது வீடு கட்டவா, நாய் நடக்கவா?” என்பார்.

“தீப்பிடிச்சா ஏணி வைக்க சார்” என்பாள் இவள்.

“தீ எதுக்கும்மா பிடிக்குது? நல்ல வார்த்தை சொல்லு.”

இப்படிப் புலம்பினாலும் அவளிடம் அவருக்கு மரியாதை உண்டு. அவருடைய ஆறு கட்டடங்களை அவள்தான் நின்று முடித்தாள். அதற்கு நன்றியாக, இந்தக் கட்டடத்தில் மூன்றாவது மாடியின் பின்பக்க வீடு எங்களுக்கு என்று எழுதியே கொடுத்துவிட்டார். இரண்டு அறை, ஒரு பால்கனி. பதினேழு வருஷத்தில் நாங்கள் ஒன்பது வாடகை வீடு மாறியவர்கள். ஆணி அடிக்காதே, சத்தமாகப் பேசாதே, ஒன்பது மணிக்குமேல் குழாயைத் திறக்காதே என்று ஒன்பது வீட்டுக்காரர்களிடம் கேட்டவர்கள். எங்கள் பெண் பத்தாவது படிக்கிறாள். பிளானைப் பார்த்து எந்த ஜன்னலுக்குக் கீழே தன் மேஜை என்று முடிவு பண்ணி, பென்சிலால் அதில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டு வைத்திருந்தாள். நானும்தான், பால்கனியில் ஒரு நாற்காலி மனசுக்குள் போட்டாயிற்று.

தரைத்தளத்துத் தூண்கள் எழும்பி, அதன் தலையில் தளத்தைத் தாங்கத் தகடு அடித்து, கம்பி பின்னி, மறுநாள் காலை ஏழு மணிக்குத் தளம் போட எல்லாம் தயார். மதியம் மூன்று மணி இருக்கும். நான் தொட்டியில் தண்ணீர் இறக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தையல்காரி கையில் அளவு டேப்போடு விறுவிறு என்று உள்ளே வந்தாள்.

இந்தத் தையல்காரி அஸ்திவாரம் தோண்டும்போதே பயந்து போய் வந்தவள்தான். ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். கட்டடம் வந்து வெளிச்சத்தை அடைத்துவிட்டால் ஊசியில் நூல் கோர்க்க முடியாதே என்ற கவலை. அன்றைக்கு என் மனைவி அவள் கழுத்தில் கிடந்த டேப்பையே கையில் வாங்கினாள். தையல் டேப் சரியாக நூற்றைம்பது சென்டிமீட்டர், அதாவது ஒன்றரை மீட்டர். “உங்க காம்பவுண்டுல ஒரு முனையை வெச்சு முழுசா நீட்டுங்க அக்கா. அதுவரைக்கும் எங்க தூண் வராது. வந்தா என்னைக் கேளுங்க” என்று சொல்லி அனுப்பினாள்.

இப்போது கேட்க வந்துவிட்டாள்.

“ஏம்மா, உன் வார்த்தையை நம்பித்தானே நான் சும்மா இருந்தேன்? டேப் முழுசா நீள மாட்டேங்குதே. நாலு விரல் மடங்கி நிக்குது. வந்து பாரு.”

நான் சிரித்துவிட்டேன். “துணி அளக்கற டேப்புதானே அக்கா, இழுத்து இழுத்து நீண்டு போயிருக்கும்.”

“என் டேப் நீண்டிருந்தா இந்தத் தெருவுல பாதிப் பேரு சட்டைக்குள்ள நீந்திக்கிட்டு இருப்பான். நீ உன் தண்ணியைப் பாருய்யா.”

என் மனைவி சிரிக்கவில்லை. இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அதுவரை அந்த இடைவெளி முழுக்கத் தோண்டிய மண் இடுப்பளவு குவிந்து கிடந்தது. முந்தின நாள்தான் அள்ளியிருந்தார்கள். தையல்காரியின் காம்பவுண்டு சுவர்தான் எல்லை. அதிலிருந்து முதல் தூணுக்கு அளந்தாள். நூற்று முப்பத்தெட்டரை. இரண்டாவது, நூற்று முப்பத்தெட்டரை. அந்த வரிசையில் மொத்தம் ஐந்து தூண். ஐந்துக்கும் அதே அளவுதான். ஒரு தூணில் மட்டும் குறைந்தால் தூண் சாய்ந்துவிட்டது என்று சொல்லலாம். ஐந்திலும் பதினொன்றரை சென்டிமீட்டர் ஒன்றுபோலக் குறைந்தால் அது கை செய்த தப்பு.

“நான் பாத்துட்டுச் சொல்றேன் அக்கா” என்று தையல்காரியை அனுப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். 

மனையின் முன்னும் பின்னும் முழங்கால் உயரத்துக்குச் செங்கல் திட்டுக் கட்டி, அதன் தலையில் ஒவ்வொரு தூண் வரிசைக்கும் மும்மூன்று ஆணி அடித்து வைத்திருப்பாள். நடு ஆணி தூணின் மையம். இரண்டு பக்கத்து ஆணியும் இருபத்து மூன்று சென்டிமீட்டர் அகலத் தூணின் இரண்டு விளிம்பு. முன் திட்டின் நடு ஆணிக்கும் பின் திட்டின் நடு ஆணிக்கும் நூல் கட்டினால், அந்த நூலுக்கு நேராகத் தூணின் நடு வர வேண்டும். கட்டடம் முடிகிற வரை அந்தத் திட்டுகளை யாரும் தொடக் கூடாது என்பது அவள் சட்டம்.

“பின்னாடி போய் நடு ஆணில மாட்டிப் பிடிங்க” என்றாள்.

பிடித்தேன். தூணின் நடுவே போய் முட்ட வேண்டிய நூல், ஐந்து தூணின் உள்பக்கத்தையும் உரசிக்கொண்டு ஒரு தடையும் இல்லாமல் என் கைக்கு வந்துவிட்டது. அவள் தன் முனையை வெளிப்பக்கத்து ஆணிக்கு மாற்றினாள். இப்போது நூல் முதல் தூணின் நட்ட நடுவில் போய் முட்டியது.

“ஆணி மாறிப் போச்சுங்க” என்றாள். “வெளி ஆணியில நூலைக் கட்டி அதையே சென்டர்னு தூணை நிறுத்தியிருக்கோம்.”

 அந்த ஆணியில் நூலைக் கட்டியவன் நான்.

ஒளித்து வைத்துக் கடைசியில் சொல்லி உங்களை ஏமாற்ற எனக்கு விருப்பமில்லை. அஸ்திவாரத்துக்கும் தூணுக்கும் கம்பி நிறுத்துகிற அன்று காலை லாரியைப் பின்னால் எடுத்தேன். தண்ணீர்க் குழாய் நூலில் சிக்கி, இரண்டு முனையும் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவள் அந்தக் கோடியில் கம்பி கட்டுகிறவனோடு பேசிக்கொண்டு நின்றாள். கூப்பிட்டால் ஆட்கள் முன்னால் என்னைக் காய்ச்சி எடுப்பாள். நூல்தானே, இதென்ன பெரிய வித்தை என்று நானே எடுத்துக் கட்டினேன். முன் திட்டில் நடு ஆணிமேல் மண் அப்பிக் கிடந்தது, கண்ணுக்குத் தெரிந்த ஆணியில் கட்டினேன். பின் திட்டிலும் அதே பக்கத்து ஆணியில் கட்டினேன். நூல் விறைப்பாக, நேராக நின்றது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு லாரியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தாள். வாய்விட்டே யோசிப்பாள், பழக்கம்.

“அன்னிக்குப் பாப்பாவுக்குக் காய்ச்சல்னு ஸ்கூல்ல இருந்து போன் வந்துச்சு. காதுல போனை வெச்சுக்கிட்டேதான் கட்டினேன். அப்பதான் மாறியிருக்கு. கம்பிக்காரன் கூடச் சொன்னான், ‘உத்தரத்துக் கம்பி நாலு விரல் பத்தலை மேடம்’னு. வெட்டத் தெரியாம வெட்டிட்டு என்கிட்ட கதை சொல்றியான்னு அவனைத் திட்டினேன். அவன் சொன்னதுதாங்க சரி. தூணே நாலு விரல் தள்ளி நின்னிருக்கு.”

நான் நூலின் முனையைப் பிடித்தபடி நின்றேன். ‘நீ இல்லை, நான்தான்’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? ஒரு மூச்சு. அந்த ஒரு மூச்சு எனக்கு வரவில்லை. ஊரில் யாரையும் எதிர்த்துப் பேசுகிற வாய், பெண்டாட்டி முன்னால் ஒட்டிக்கொண்டுவிட்டது. பயம்தான், வேறென்ன.

ஐந்து மணிக்கு முதலாளி வந்தார். கேட்டதும் தலையில் கை வைத்து மணல் மேட்டில் உட்கார்ந்துவிட்டார்.

“அந்த அஞ்சு தூணையும் உடைச்சுட்டு நகர்த்தி வெச்சா?”

“அஸ்திவாரமும் சேர்ந்துதான் சார் நகர்ந்திருக்கு. அடியோட தோண்டணும். போன தடவை தோண்டினப்பவே தையலக்கா வீட்டுச் சுவத்துல வெடிப்பு விட்டுச்சு. மறுபடி தோண்டினா சுவரு நம்ம குழிக்குள்ள வந்து படுத்துக்கும். உள்ள ஆள் இருக்காங்க.”

“அப்ப விட்டுடு. யாருக்குத் தெரியும்? கடைசியில அளக்க வர்றவரு முன்னாடிதான் டேப் பிடிப்பாரு. ரெண்டு பெரிய பூந்தொட்டியை அங்க வெச்சுட்டா குனிஞ்சு அளக்க மாட்டாரு.”

“பின்னாடி வந்து அளந்தா? மூணு மாடிக்கு ஒண்ணரை இல்லைன்னு முடிப்புச் சர்டிபிகேட் நிறுத்திட்டா? சர்டிபிகேட் இல்லாம கரண்டும் வராது, தண்ணியும் வராது. வீடு வாங்கினவங்க எங்க போவாங்க சார்?”

“சரி, நீயே சொல்லு. என்னதான் பண்ணணும்?”

 எனக்குத் தெரியும், பதில் அவளிடம் இருந்தது. இரண்டு மாடியோடு நின்றால் ஒன்றேகால் மீட்டர் போதும். நம்மிடம் நூற்று முப்பத்தெட்டரை இருக்கிறது. கட்டடம் அப்படியே விதிக்குள் வந்துவிடும். மூன்றாவது மாடி மட்டும் இருக்காது. மூன்றாவது மாடியில்தான் எங்கள் வீடு.

“காலையில சொல்றேன் சார். தளம் போடறதுக்கு முன்னாடி நகராட்சிக்கு ஸ்டேஜ் ரிப்போர்ட் எழுதணும்ல, அப்ப சொல்றேன்” என்றாள்.

அவள் மேலே ஏறிக் கம்பியைச் சரிபார்க்கப் போனதும் நான் நைசாகத் தையல்காரி வீட்டுக்குப் போனேன். இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. செய்தாயிற்று, சொல்லாமல் விட்டு என்ன ஆகப்போகிறது?

“அக்கா, அந்த நாலு விரல் விஷயம்… வெளிய யார்கிட்டயும் சொல்லாதீங்க. உங்களுக்கு எப்பத் தண்ணி வேணும்னாலும் கேளுங்க, நான் இறக்கறேன்.”

அவள் ஒரு சட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“நான் யார்கிட்டயும் போய்ச் சொல்ல மாட்டேன். எனக்கு வெளிச்சம் வந்தா போதும். ஆனா இவ்வளவு கிட்டத்துல உங்க மூணாவது மாடி எழும்பிட்டா மத்தியானமே நான் லைட் போடணும். அதை நீ தண்ணி ஊத்தி சரிபண்ணுவியா?” என்றாள். “அந்தப் பொண்ணு என் கையில டேப்பைக் குடுத்து, குறைஞ்சா வந்து கேளுன்னு சொல்லுச்சு. அப்படிச் சொல்றவங்களை நான் பாத்ததில்லை. அதனாலதான் மனு எழுதாம நேரா அதுகிட்ட வந்தேன். நீ எதுக்குய்யா நடுவுல வர்ற?”

செருப்பால் அடித்திருந்தால் தேவலாம். வெளியே வந்தேன்.

வீட்டுக்குப் போகிற வழியில், லாரியில் உட்கார்ந்திருந்த என் மனைவியையும் நான் விடவில்லை.

“பதினொண்ணரை சென்டிமீட்டர்! ஒரு சோப்பு டப்பா நீளம். அதுக்காகக் கைக்கு எட்டினதை வாய்க்கு எட்டாம பண்ணிக்கப் போறியா? முதலாளியே கம்முனு இருங்கிறாரு. எள்ளு எண்ணெய்க்குக் காயுது, எலிப்புழுக்கை எதுக்குக் காயணும்?”

“கையெழுத்து என்னுதுங்க” என்றாள். அவ்வளவுதான். வீடு வருகிற வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். நான் ஹாரனை அடித்துக்கொண்டே ஓட்டினேன். எதிரில் வந்தவனெல்லாம் என்னைத் திட்டினான்.

காலை ஆறரைக்கு சைட்டில் நின்றோம். கான்கிரீட் லாரி இரண்டு வந்து தெருவை அடைத்து நின்றது. முதுகில் டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. மேலே இருபது பேர் பூட்ஸோடு காத்திருந்தார்கள். இவள் ஒரு பலகையை மடியில் வைத்து ரிப்போர்ட்டை எழுத ஆரம்பித்தாள். முதலாளி தோளுக்குமேலே எட்டிப் பார்த்தார்.

“என்னம்மா எழுதற? நூத்தி முப்பத்தெட்டரையா? நூத்தம்பதுன்னு போடும்மா.”

“உள்ளது நூத்தி முப்பத்தெட்டரை சார். கூடவே திருத்தின பிளான் ஒண்ணு குடுத்துடலாம். ரெண்டு மாடியோட நிறுத்திக்கறோம்னு.”

“மூணாவது?”

“வராது.”

முதலாளியின் குரல் ஏறியது. “உனக்கு என்ன பைத்தியமா? உன் வீடு அங்கதானே இருக்கு?”

“தெரியும் சார்.”

“முன்பக்கத்து வீடு எனக்குப் போகுதே, அதுக்கு என்ன சொல்ற?”

“உங்களுக்கு இருக்கறதுல ஒண்ணு போகுது. எங்களுக்கு இருந்ததே அது ஒண்ணுதான். நானே விடறேன், நீங்க விட மாட்டீங்களா?”

மேலே இருந்து பம்ப் ஓட்டுகிறவன் கத்தினான். “சார், போடலாமா வேண்டாமா? டிரம்முல இறுகிடும்!”

“இருய்யா!” என்று முதலாளி திருப்பிக் கத்தினார். “வேற இன்ஜினியரைக் கூட்டிட்டு வந்து கையெழுத்து வாங்க எனக்குத் தெரியாதா?”

“வாங்கிக்கலாம் சார். ஒருத்தர் வந்து அளந்து பாத்துப் போடறதுக்குள்ள மத்தியானம் ஆயிடும். அளக்காம போடறவரா இருந்தா, அவர் போட்ட கையெழுத்தை நம்பி நீங்க எப்படி வீடு விப்பீங்க?”

 முதலாளி லாரியைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார், பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தார். அங்கே தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தாள்.

“உன் தப்புக்கு நான் அழணும், என்ன?” என்றார்.  “எழுது. யாரு பண்ணினதுன்னும் சேர்த்து எழுது. நான் மாட்ட மாட்டேன்.”

“எழுதிட்டேன் சார்” என்று அவள் பலகையைத் திருப்பிக் காட்டினாள். ‘காரணம்: நூலை ஆணி மாற்றிக் கட்டியது. கட்டியவர்: பொறுப்புப் பொறியாளர்.’

அதை நான் படித்தேன். புது லைசென்ஸ். மூன்று தடவை எழுதி வாங்கினது. போன வருஷம் அது தபாலில் வந்த அன்று அவள் கவரைப் பிரிக்காமல் பத்து நிமிஷம் கையில் வைத்திருந்தாள். என் கால் தானாக முன்னால் போனது.

“அவ கட்டலை. நான் கட்டினேன்” என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. மறுபடி சொன்னேன், சத்தமாக. லாரியைப் பின்னால் எடுத்தது, குழாய் மாட்டியது, நூல் பிடுங்கிக்கொண்டது, கண்ணுக்குத் தெரிந்த ஆணியில் கட்டியது, யாரிடமும் சொல்லாமல் போனது, எல்லாவற்றையும். முதலாளி வாயைப் பிளந்துகொண்டு, “நீயாய்யா?” என்றார். கம்பிக்காரன் மேலிருந்து எட்டிப் பார்த்து, “அப்ப என் கம்பி சரிதானா?” என்றான். 

அவள் என்னைப் பார்த்தாள்.  பிறகு குனிந்து, ‘கட்டியவர்: பொறுப்புப் பொறியாளர்’ என்றிருந்ததை ஒரு கோடு போட்டு அடித்தாள். அதன் பக்கத்தில், ‘கட்டியபின் சரிபார்க்கத் தவறியவர்: பொறுப்புப் பொறியாளர்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“போடச் சொல்லுங்க” என்று மேலே கையைக் காட்டினாள். கான்கிரீட் இறங்க ஆரம்பித்தது.

பிறகு நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கட்டடம் இரண்டு மாடியோடு முடிந்தது, சர்டிபிகேட்டும் வந்தது. விசாரணைக்கு அழைத்து அவள் லைசென்ஸை ஆறு மாதம் நிறுத்தி வைத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். முதலாளி ஒரு மாதம் முகம் கொடுக்காமல் இருந்துவிட்டு, அடுத்த மனைக்கு அவளைத்தான் கூப்பிட்டார். நாங்கள் பத்தாவது வாடகை வீட்டில் இருக்கிறோம். பெண்ணிடம் நான்தான் சொன்னேன். அவள் அழுதாள், சாப்பிடாமல் படுத்தாள், மறுநாள் எழுந்து பள்ளிக்கூடம் போனாள்.

அன்று மதியம் தளம் போட்டு முடிந்ததும் என் மனைவி கீழே இறங்கி வந்தாள். முழங்கை வரை சிமெண்டு. நேராக என் லாரிக்கு வந்தாள். நான் ஓடிப்போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் போலிருந்தது. அவள் நிதானமாக விரல் விரலாகத் தேய்த்துக் கழுவினாள்.

“வீடு போச்சு. சரி” என்றாள். “நூலை நீங்க கட்டினீங்க. நான் திரும்பப் பாக்கலை. அதுவும் சரி.”

“நான் நேத்தே…” என்று ஆரம்பித்தேன்.

“நேத்து ராத்திரி பூரா உட்கார்ந்து என் கையையே பாத்துக்கிட்டு இருந்தேன். இருபது வருஷமா நூல் கட்டற கை. இதை இனிமே நம்பலாமா, வேலையை விட்டுடலாமான்னு விடியற வரைக்கும் யோசிச்சேன்.” தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. “நீங்க பக்கத்துலதானே படுத்திருந்தீங்க?”

“முழிச்சுக்கிட்டுதான் இருந்தேன்” என்றேன்.

அவள் குழாயை மூடினாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, லாரியைச் சுற்றிக்கொண்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்து போனாள்.